இரண்டு தட்டு இருந்தும் ஒரு நகல் இல்லை

ரெய்டு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது வருமான வரித்துறைதான். கணினித் துறையார் வழங்கும் ரெய்டு வேறு. பல வன்தட்டுகளைப் பிணைத்துக் கணினிக்கு ஒரே தட்டுப்போலக் காட்டும் முறைக்கு அப்பெயர். 1988இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையால் அப்பெயர் நிலைபெற்றது. விலை மிகுந்த ஒரு பெருந்தட்டுக்கு மாற்றாக மலிவான சிறு தட்டுகள் பலவற்றை இணைக்கலாம் என்பது அவர்தம் வாதம். அதனோடு நமக்குப் பிணக்கில்லை. "ரெய்டு போட்டாயிற்று, இனி எல்லாம் பத்திரம்" என்று பழந்தமிழ் இதழ்களையும் நூல்களையும் மின்வடிவாக்கும் நண்பர்கள் நிம்மதியாக உறங்கச் செல்கிறார்களே, அந்த உறக்கத்தோடுதான் பிணக்கு.

நாமும் அப்படி உறங்கியவர்தாம். நம் தமிழ்த்துறை மாணவர்கள் ஈராண்டுக் காலம் பழைய சிற்றிதழ்களைப் பக்கம் பக்கமாக வருடி எடுத்தனர். தொட்டால் உதிரும் தாள்கள். பணி முடிந்ததும் இதழ்களை இரவல் தந்த பெரியவரிடமே திருப்பிக் கொடுத்தோம். கோப்புகள் இரட்டைத் தட்டுப் பெட்டி ஒன்றில் ரெய்டு 1 முறையில் இருந்தன. ஒருநாள் இடம் போதவில்லையென்று வேண்டாத கோப்புறையை அழிக்கப்போய், அதற்கடுத்திருந்த கோப்புறையை அழித்துவிட்டோம். ஒரு தட்டில் மறைந்தது மறு தட்டிலும் அப்போதே மறைந்தது. பிழை தெரியவந்தபோது அவ்விடத்தில் புதிய கோப்புகள் எழுதப்பட்டுவிட்டன. மீண்டும் இதழ்களைக் கேட்டுப் பெரியவர் வீட்டுக்குச் சென்றோம். அவர் காலமாகியிருந்தார். "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டீங்களே சார்" என்றார் அவர் மகன். தாள்கள் பழைய பேப்பர்க் கடைக்குப் போயிருந்தன.

அந்தப் பெட்டி தன் கடமையில் தவறவில்லை. ரெய்டு 1 என்பது கண்ணாடி. ஒரு தட்டில் எழுதுவதை மற்றொன்றிலும் எழுதும். ஒன்றில் அழிப்பதை மற்றொன்றிலும் அழிக்கும். எது பிழை, எது திருத்தம் என்று அதற்குத் தெரியாது. தட்டுகளுள் ஒன்று பழுதுபட்டால் வேலை நிற்காமல் நடக்கச் செய்வது மட்டுமே அதன் பணி.

ரெய்டு 0 இன்னும் கொடிது. அது தரவைத் துண்டுதுண்டாக்கி இரு தட்டுகளிலும் பகிர்ந்து எழுதுகிறது. வேகம் கூடும், ஆயின் ஒரு தட்டுப் போனாலும் மொத்தமும் போகும். ஒரு தட்டு ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு 3 என்று பேச்சுக்குக் கொள்வோம். இரு தட்டுகளைப் பிணைத்தால் இழப்பின் வாய்ப்பு ஏறத்தாழ 6 ஆகிறது. ஆபத்தை இரட்டிப்பாக்கிவிட்டு அதைப் பாதுகாப்பு என்கிறோம்.

ரெய்டு 5 நுட்பமானது, ரசிக்கத்தக்கது. மூன்று தட்டுகளில் முதலதில் 1, அடுத்ததில் 0 என்றிருந்தால் மூன்றாவதில் 1 எழுதப்படும். முதலிரண்டிலும் 1 என்றால் மூன்றாவதில் 0. ஒன்றுகளின் தொகை எப்போதும் இரட்டைப்படை. எனவே எந்த ஒரு தட்டு அழிந்தாலும் எஞ்சிய இரண்டிலிருந்து அதைக் கணக்கிட்டுவிடலாம். (இச்சரிபார்ப்புத் துண்டு ஒரே தட்டில் தங்காமல் எல்லாவற்றிலும் மாறி மாறி அமையும்.) சிதைந்த ஏட்டில் விடுபட்ட சீரை எதுகை மோனை கொண்டு நாம் ஊகிக்கிறோம், இங்கே ஊகத்துக்கும் இடமில்லை, எல்லாம் கணக்கு. ஆனால் புதுத் தட்டைப் பொருத்தி மீட்டெடுக்கும் நீண்ட நேரம் முழுதும் எஞ்சிய தட்டுகள் ஓயாது உழைக்க வேண்டும். அவ்வேளையில் இன்னொன்றும் விழுந்தால் அனைத்தும் போச்சு. இரண்டு தட்டுப் பழுதைத் தாங்கும் ரெய்டு 6 உண்டு என்பர். இருக்கட்டும், தவறாக அழித்த கையையும், தீயையும், திருட்டையும் அது தாங்குமா?

"எங்களிடம் நிதி குறைவு, இருப்பதைக் கொண்டு செய்கிறோம்" என்பர் நண்பர்கள். அந்த நிதியில் இரண்டாவது தட்டு வாங்கியிருக்கிறீர்கள் அல்லவா? அதை அதே பெட்டியில் ஏன் பூட்டினீர்கள் என்பதே நம் கேள்வி.

இவ்வறிவு நமக்குப் புதிதன்று. ஓலையைக் கறையான் தின்னும் என்றறிந்த முன்னோர் ஏட்டைப் பெயர்த்தெழுதி ஊர்தோறும் மடந்தோறும் வைத்தனர். பல இடங்களிலிருந்து கிடைத்த படிகளை ஒப்புநோக்கித்தான் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். எல்லாப் படிகளும் ஒரே வீட்டுப் பரணில் இருந்திருந்தால் அவர் எதைப் பதிப்பித்திருப்பார்? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் படியில்லாத சுவடிகள் அதோடு முடிந்தன.

வெளிநாட்டுச் சான்று வேண்டுவோர்க்கு ஒன்று. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் தவறான ஓர் ஆணையால் பெருமளவு அழிந்தன. நிறுவனத்தின் காப்பு நகல்களும் பயன்படவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்து பணிபுரிந்த கேலின் சுஸ்மன் என்பாரின் வீட்டுக் கணினியில் இருந்த படியே கைகொடுத்தது. காத்தது வேறு கூரை.

ஆகவே ரெய்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாள்தோறும் பலர் பயன்படுத்தும் வழங்கிக்கு அது அவசியம். ஆனால் அதைக் காப்பு நகல் என்று கணக்கில் எழுதாதீர்கள். மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்றேனும் வேறு ஊரில்: கணினித் துறையார் காலங்காலமாகச் சொல்லும் இவ்விதியைப் பின்பற்றுங்கள். வேறு ஊரிலுள்ள படியை நாள்தோறும் தானே ஒத்திசையும்படி அமைத்துவிடாதீர்கள். அதுவும் ஒரு கண்ணாடியாகிவிடும். ஆண்டுக்கொருமுறையேனும் அதைத் திறந்து படித்துப் பாருங்கள். இவையெல்லாம் முடியும்வரை, இரவல் தந்தவரிடம் "தாள் இனி வேண்டியதில்லை" என்ற எண்ணம் எழ இடந்தராதீர்கள்.

நம் துறைப் பெட்டி இன்றும் இயங்குகிறது. இரண்டு விளக்குகளும் பச்சையாகவே எரிகின்றன.