பற்று நோட்டில் நிற்கும் கணக்கு

தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் ஊர்களில், ஜனாஸாத் தொழுகைக்காக மக்கள் அணிவகுத்து நின்றதும், இறந்தவரின் மகனோ சகோதரரோ முன்வந்து ஓர் அறிவிப்புச் செய்வதைக் கேட்டிருப்பீர்கள். மறைந்தவர் எவருக்கேனும் கடன்பட்டிருந்தால் வாரிசுகளிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம் என்பதே அந்த அறிவிப்பு. உயர்ந்த வழக்கம்தான், ஐயமில்லை. ஆனால் அக்குரல் எவ்வளவு தொலைவு கேட்கும்? பள்ளிவாசலின் சுற்றுச்சுவர் வரையில் கேட்கும். 600 கிலோமீட்டருக்கு அப்பால், சென்னைத் திருவல்லிக்கேணியின் சந்து ஒன்றில் மெஸ் நடத்தும் மனிதரின் செவிக்கு அது எட்டுமா?

இவ்வாறு கேட்பதற்குக் காரணம் உண்டு. என் ஊர் முக்கூடல். (முக்கூடற்பள்ளில் வரும் முக்கூடல் சீவலப்பேரிப் பக்கம் உள்ளது, நான் குறிப்பிடுவது பீடித் தொழிலால் பெயர்பெற்ற முக்கூடல்.) தாயும் தமக்கையும் பீடி சுற்றிச் சேர்த்த பணத்தில் ரயிலுக்குப் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு 1983-ஆம் ஆண்டில் சென்னை சென்றேன். வாலாஜா பள்ளிவாசலுக்கு அருகில் மேன்ஷன் ஒன்றில், நால்வர் தங்கும் அறையில் இடம் கிடைத்தது. அங்கே அடுப்பு மூட்ட அனுமதி இல்லை. ஆகவே மூன்று வேளை உணவும், அடுத்த சந்தில் மேலப்பாளையத்துப் பாய் ஒருவர் நடத்திய மெஸ்ஸில்தான்.

ஆறே மேசைகள். மதியம் அளவுச் சாப்பாடு; இரவு பரோட்டாவும் சால்னாவும்; வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நெய்ச்சோறும் தாளிச்சாவும். அரசு அலுவலக எழுத்தரும், கைவண்டி இழுப்பவரும், பரீட்சைக்குப் படிக்கும் மாணவரும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து உண்பர். ஒருவர் பெயரை ஒருவர் அறியார். ஆயினும் அடுத்தவர் கேட்குமுன் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைப்பர். ஊரை விட்டு வந்த ஏக்கம் எனக்கு முதன்முதலில் சற்றே தணிந்தது அந்த மேசையில்தான்.

உண்டு, கை கழுவி, கல்லாவின் முன் நின்று, "மூணு பரோட்டா, ஒரு ஆம்லெட்" என்று நாமே சொல்ல வேண்டும். பாய் நிமிர்ந்தும் பாராமல் நோட்டில் குறித்துக்கொள்வார். பிற்காலத்தில் திருமறையின் இரண்டாம் அத்தியாயத்து 282-ஆம் வசனத்தைப் பொருளுணர்ந்து ஓதியபோது எனக்கு அந்தக் கல்லாவே கண்முன் வந்தது. திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அதுதான். அதன் பொருளோ கடன்! கடனை எழுதி வைக்கப் பணிக்கிறது. தொகை சிறிதாயினும் எழுதச் சலிக்கலாகாது என்கிறது. எழுத வேண்டிய வாசகத்தைக் கடன்பட்டவரே சொல்ல வேண்டும் என்றும் விதிக்கிறது. பாயின் நோட்டில் நாள்தோறும் நடந்தது ஏறத்தாழ அதுவேயன்றோ? என் சொல்லை நம்பித்தான் அவர் எழுதினார்.

1984-இல் ஒருநாள், தந்தைக்கு நோய் முற்றியதாகத் தந்தி வந்தது. நோட்டில் என் பெயரில் 87 ரூபாய் நின்றது. சொல்லிக்கொள்ளச் சென்றேன். "முதல்ல ஊருக்குப் போய் வாப்பாவைப் பாருங்க தம்பி. கணக்கு எங்கே போயிடப் போகுது?" என்றார். தந்தை மறைந்தார், நான் சென்னைக்குத் திரும்பவில்லை. பணம் அனுப்ப எங்கள் தெருமுனையிலேயே அஞ்சலகம் இருந்தது. அடுத்த மாதம் அனுப்பலாம் என்று எண்ணியே பதினோராண்டுகளைக் கழித்தேன். 1995-இல் நேரில் சென்றபோது அந்த இடத்தில் செருப்புக்கடை இருந்தது. பாய் எங்கே போனார் என்று சொல்வார் எவருமில்லை.

வங்கிக் கடனுக்கு அஞ்சுகிறோம், வட்டிக்காரனுக்கு அஞ்சுகிறோம். சோறு போட்டவரின் பாக்கி என்றால் மட்டும் "ஹோட்டல் பாக்கிதானே" என்று நம் நாக்கு கூசாமல் சொல்கிறது. அவர் கொத்தவால்சாவடியில் காய்கறிக்கும், இறைச்சிக்கும் அன்றன்றே ரொக்கம் தந்தாக வேண்டியிருந்தது. என்னைப் போல் இருபது பேர் ஊருக்குப் போனால் ஆறு மேசைக் கடை என்னவாகும்? அந்தச் செருப்புக்கடையின் வாசலில் நின்றபோதுதான் இக்கேள்வி எனக்கு எழுந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இது பழங்கதை அன்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மேன்ஷன்கள் வெறிச்சோடின. ஊர் திரும்பிய இளைஞன் ஒருவனிடம் மெஸ் கணக்கை முடித்தாயா என்று கேட்டேன். "மெஸ்ஸையே மூடிட்டாங்களே, மாமா" என்றான். மெஸ் மூடினால் கடனும் மூடிவிடுமா? எனக்காவது தெருமுனை வரை நடக்க வேண்டியிருந்தது. அவனுக்கோ சட்டைப் பையிலுள்ள கைப்பேசியே அஞ்சலகம்!

அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இறந்தவருக்கு மூன்று தீனார் கடன் இருந்தது. அதைத் தீர்க்க அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று கூறிப் பெருமானார் ஒதுங்கி நின்றார்கள். அபூகதாதா (ரலி) அக்கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பின்னரே தொழவைத்தார்கள். அது மூன்றே தீனார் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் அவகாசம் தருவதும், விட்டுக்கொடுப்பதும் நன்மை என்று அதே அத்தியாயத்தின் 280-ஆம் வசனம் கூறுகிறது என்பார் சிலர். உண்மையே. ஆனால் அது கடன் கொடுத்தவருக்குச் சொல்லப்பட்டது. பாய் அதன்படி நடந்தார். கடன்பட்டவன் அதனை எடுத்துக்காட்டித் தப்பிக்க இடமில்லை.

துருக்கியில், உஸ்மானியர் காலத்திலிருந்து வருவதாகச் சொல்லப்படும் ஒரு வழக்கம் உண்டு. ரமளானில் செல்வர் ஒருவர் தம்மை அறியாத பகுதியிலுள்ள கடைக்குச் செல்வார். கடன் நோட்டைக் கேட்டு வாங்குவார். சில பக்கங்களைச் சுட்டி, அவற்றின் தொகையைச் செலுத்திவிட்டுப் பெயர் சொல்லாமல் போய்விடுவார். அண்மை ஆண்டுகளில் அங்கே இவ்வழக்கம் புத்துயிர் பெற்றுள்ளது. நம் பகுதியிலோ இஃப்தார் விருந்துக்கு, விருந்தளிப்பவரின் படம் போட்ட தட்டிகள் வேறு வைக்கிறார்கள்! அத்தட்டிகளின் செலவு போதும், ஒரு சிறிய மெஸ்ஸின் நோட்டை முழுதுமாகத் தீர்க்க.

உரியவரைக் கண்டறிய இயலாவிடில், அவர் பெயரால் அத்தொகையைத் தருமம் செய்யலாம். பின்னர் அவரோ வாரிசுகளோ வந்து கேட்டால் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்று ஆலிம்கள் கூறினர். அவ்வாறே பலமுறை, 87 ரூபாய்க்கு மேலாகவே செய்துவிட்டேன். ஆயினும் சென்ற ரமளானில் என் வஸிய்யத்தை எழுதியபோது இக்கடனையும் சேர்த்தேன். தொகை, தெரு, ஆண்டு யாவும் அதில் உண்டு. கடன் கொடுத்தவரின் பெயருக்கான இடத்தில் 'மேலப்பாளையத்துப் பாய்' என்றே எழுதினேன். ஏறத்தாழ ஓராண்டு அவர் கையால் உண்டும் நான் அவருடைய பெயரைக் கேட்டதில்லை.