நாள் குறித்த கடன்வரம்பு

கடனட்டை இன்று ஆழ்வார்திருநகரி போன்ற சிற்றூர்களிலும் புழங்கும் பொருளாயிற்று. அதனை உடையார்க்கு, அவர் வரம்பைச் சில நாளைக்கு உயர்த்தித் தருவதாக வங்கிகள் அவ்வப்போது செய்தி விடுக்கின்றன. கலியாணம், மருத்துவம் முதலிய பெருஞ்செலவு நேருங்கால் இஃது உதவியே, ஐயமில்லை. ஆயினும் இவ்வுதவியின் இயல்பை அறிந்தே ஏற்றல் வேண்டும் என்பது எம் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். ஒருவர்க்கு வரம்பு 50,000 ரூபாய். மகள் திருமணத்தின் பொருட்டு அது 60 நாட்களுக்கு 80,000 ஆக உயர்கிறது. அவர் 75,000 செலவிடுகிறார். குறித்த நாள் கழிந்ததும் வரம்பு தானே பழைய 50,000-க்கு இறங்கிவிடும், கடனோ இறங்குவதில்லை. மிகுந்து நிற்கும் 25,000 ரூபாயைப் பல வங்கிகள் அடுத்த பட்டியலின் குறைந்தபட்சத் தொகையோடு சேர்த்து உடனே கேட்கும். வரம்பு மீறியதற்குத் தனிக் கட்டணமும் உண்டாதல் கூடும். முழுத்தொகையும் செலுத்தாவிடின், பொருள் வாங்கிய நாள் முதற்கொண்டே வட்டி ஏறும். திங்களுக்கு நூற்றுக்கு 3.5 வட்டியாயின், 75,000-க்கு ஒரு திங்கள் வட்டி 2,625 ரூபாய்.

உடையவர் வெளிப்படையாக இசைந்தாலன்றி வரம்பை உயர்த்தலாகாது என 2022-ஆம் ஆண்டில் இந்திய ரிசர்வ் வங்கி விதித்தது. நன்று. ஆயின் இவ்வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 30-ஐ மிஞ்சலாகாதென்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் அளித்த தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கிவிட்டது. ஆதலின் நமக்குற்ற பெருங்காவல் நம் இசைவே.

தாமிரவருணிக் கரையில் கடைப் பற்று என்பது புதிதன்று. பிசான அறுவடை வரை பொறுக்கும் மளிகைக்காரர், விலையில் சற்றுக் கூட்டுதலும் உண்டு. எனினும் வாய்க்காலில் நீர் வாராத ஆண்டை அவர் அறிவார். வங்கியின் கணிப்பொறி நாளை மட்டுமே அறியும். அறுவடை பத்து நாள் பிந்தினும் அது பொறாது.

ஆகவே, வரவேண்டிய பணம் உறுதியாயும், அது வரும் நாள் உயர்வு முடியும் நாளுக்கு முந்தியும் இருப்பின் ஏற்க. நம்பிக்கையொன்றே கையிருப்பாயின் மறுக்க. நண்பர்காள்! வீட்டிலுள்ள பெரியோர்க்கு இத்தகைய செய்திகளைப் படித்துக் காட்டுவோர் பெரும்பாலும் நாமே. உயரும் தொகையைச் சொல்லுமுன், அது முடியும் நாளைச் சொல்லுவோமாக.