யாழ் நகர வரலாற்றை எழுத வேண்டியோர் யாவர்?

யாழ்ப்பாண நகரின் வரலாறு பற்றிய பேச்சு எழுந்தால் 1981ஆம் ஆண்டில் பொது நூலகம் எரியூட்டப்பட்டமை நினைவுகூரப்படாமற் போவதில்லை. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அன்று சாம்பராயின. எரித்தோரின் குற்றம் எக்காலத்தும் குற்றமே. ஆயின் அவ்வழிவு புகட்டிய பாடமும் ஒன்றுண்டு. ஒரு நகரின் நினைவு ஒரே கட்டடத்துள் ஒரே பிரதியாக இருக்குமாயின், அதனை அழிக்க ஓரிரவு போதும்.

இப்பாடத்தின் ஒரு பாதி கற்கப்பட்டுவிட்டது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் எனும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி எவரும் படிக்குமாறு இணையத்தில் வைத்துள்ளது. இப்பணி போற்றற்குரியது. ஆனால், அச்சேறியவை காக்கப்பட்டதும் நகரின் வரலாறே காக்கப்பட்டுவிட்டதென அமைதி கொள்வோரின் நிலைப்பாடு ஏற்கத்தக்கதன்று.

அச்சேறியவை யாருடைய குரல்கள்? யாழ்ப்பாண வைபவமாலை, ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க மயில்வாகனப் புலவர் இயற்றியது. 1841இல் தோன்றிய உதயதாரகை அமெரிக்க மிஷன் வெளியிட்ட ஏடு. இவை அரிய மூலங்களே. எனினும் இவற்றினூடே தெரிவது ஆண்டோரும் கற்றோரும் கண்ட யாழ்ப்பாணம். நகரைத் துப்புரவாக்கிய தொழிலாளியும், சந்தையில் மீன் விற்ற பெண்ணும், கஸ்தூரியார் வீதியில் நகை செய்த கைவினைஞரும் கண்ட நகரம் எந்தப் பதிப்பகத்தின் வாயிலையும் எளிதில் எட்டியதில்லை.

ஆகவே நகர மாந்தர் யாவரும் பங்குகொண்டு கட்டும் இணைய ஆவணகமே இன்றைய தேவை. இதனை மறுப்போர், வரலாறு வல்லுநர்க்குரிய துறை என்றும், பலர் எழுதப் புகுந்தால் வதந்தியும் வீண்பெருமையும் மலியும் என்றும் வாதிடுவர். இவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆயின் அதற்குரிய பரிகாரம் வாயிலை மூடுவதன்று. ஒவ்வொரு பதிவிலும் சொன்னவர் யார், எப்போது சொன்னார், எதை ஆதாரமாகக் கொண்டார் என்பன குறிக்கப்படல் வேண்டும். திருத்தங்கள் யாவும் அழியாது நிற்றல் வேண்டும். முரண்படும் இரு கூற்றுகள் அருகருகே இடம்பெறல் வேண்டும். அவற்றை ஒப்புநோக்கி ஆராய்வதே வல்லுநரின் பணி. எவை பதியப்படலாம் என அனுமதிச்சீட்டு வழங்குவதன்று.

இணையம் இதற்கு ஏன் இன்றியமையாதது? யாழ் நகரத்தார் இன்று யாழ் நகரில் மட்டும் வாழ்பவரல்லர். 1990 ஒக்ரோபர் 30இல், நகரின் முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பலர் புத்தளத்தில் வேரூன்றினர். ஐந்தாண்டுகளின் பின் அதே நாளில் போர் சூழ, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழ்வோரும் உளர். இவர்கள் யாவரும் ஒருங்கிருந்து எழுத வேறு மண்டபம் எங்குண்டு?

ஆனால் மண்டபம் அமைத்துவிட்டால் மாத்திரம் போதாது. கோயிற் பெருமையும் கல்லூரிப் பெருமையும் அழைக்காமலே வந்து நிரம்பும். சோனகத் தெருவின் வரலாற்றை அத்தெருவார் சொல்லாவிடின், 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைகளிலும் ஆலயங்களிலும் சமவுரிமை கோரிப் போராடியோரின் நினைவுகள் தேடிப் பெறப்படாவிடின், அவ்வாவணகம் பழைய மௌனத்தைப் புதிய கருவியிற் பதித்ததாகவே முடியும். தமிழர்க்கு இழைக்கப்பட்ட அநீதியை ஆவணமாக்குவோர், தமிழர் இழைத்த அநீதியையும் அதே நேர்மையுடன் ஆவணமாக்கக் கடமைப்பட்டவர்கள். நூலகத்தை எரித்தவன் ஏட்டை அழித்தான். உண்மை அறிந்தும் பதிய மறுப்பவன் ஏடு பிறக்குமுன்னரே அதனை அழிக்கின்றான்.

தொடங்குவதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. அந்தியேட்டிக் கல்வெட்டுகள், காணி உறுதிகள், கடைக் கணக்கேடுகள், மணவிழாப் படங்கள் யாவும் வீட்டு அலுமாரிகளிற் செல்லரித்துக் கொண்டிருக்கின்றன. உரியவரின் இசைவுடன் அவற்றைப் படியெடுப்பதும், முதியோரின் பேச்சை ஒலிப்பதிவு செய்வதும் மாணவர்க்கு இயலாதவையல்ல. அப்படிகளும் ஒரே கணினியில் முடங்காது பல நாடுகளிற் பிரதியாதல் வேண்டும். கட்டணம் செலுத்தப்படாத இணையத்தளமும் ஓரிரவில் மறையக்கூடியதே.

முதியோர் காத்திருப்பர், காலம் காத்திராது. அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் ஓர் அலுமாரியைத் திறப்பார்களாயின், யாழ் நகரம் தன் வரலாற்றைத் தானே எழுதத் தொடங்கும்.