உஷ்ண தேசத்தில் தெர்மோஸ்டாட் எதற்கு?

பனி பெய்யும் தேசங்களில் கார் வைத்திருப்போர் குளிர்காலம் தொடங்கியதும் அடிக்கடி சொல்லும் ஒரு குறை உண்டு: ஹீட்டரைத் திருகினால் வெப்பக்காற்று வராமல் குளிர்ந்த காற்றே வருகிறது என்பது. குளுவாங் மாவட்டத்துப் பாலோவில், செம்பனைத் தோட்டங்களின் நடுவே வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் திறந்ததும் முகத்தில் அறையும் அனலுக்கு அஞ்சி முதல் வேலையாக ஏர்கோனைத் தட்டிவிடுகிற நமக்கு, இப்படியும் ஒரு குறை இருக்கக்கூடுமா என்று விந்தையாகத்தான் தோன்றும். உள்நாட்டில் விற்பனைக்கு வரும் புரோட்டோன், பெரோடுவா வண்டிகளில் பலவற்றுக்கு ஹீட்டரே கிடையாது. குளிரைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே அவற்றில் திருகு இருக்கிறது. ஆயினும், அந்தக் குளிர்தேசத்துக் குறைக்குக் காரணமான அதே பழுதுகள் நம் வண்டிகளிலும் குடியிருக்கின்றன என்பதையும், அங்கே காற்றின் மூலம் தம்மை அறிவித்துக்கொள்ளும் அவை இங்கே எஞ்சின் கொதித்து வண்டி சாலையோரம் நின்றுபோகும் வரையில் மௌனமாகவே இருந்துவிடுகின்றன என்பதையும் நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

காரின் ஹீட்டர் தனக்கென்று உஷ்ணத்தை உண்டாக்கிக் கொள்வதில்லை. எஞ்சினில் எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைச் சுற்றிவரும் நீரோடு கலந்து வெளியேறுகிறது. அந்த வெந்நீரில் ஒரு பகுதியைக் கிளைக்குழாய் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள சிறியதொரு ரேடியேட்டருக்குக் கொண்டுபோய், அதன்மீது விசிறியால் காற்றை ஊதச் செய்வதே ஹீட்டரின் வேலை. ஆகையால் காற்று குளிர்ந்து வந்தால், விஷயம் தெரிந்த மெக்கானிக் முதலில் நீரின் அளவைப் பார்ப்பார்; பிறகு எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு, ஹீட்டருக்குச் செல்லும் குழாயையும் அதிலிருந்து திரும்பும் குழாயையும் கையால் தொட்டுப் பார்ப்பார். இரண்டும் சுட்டால் நீரோட்டம் சரிதான், காற்றைத் திருப்பிவிடும் கதவில்தான் கோளாறு. ஒன்று சுட்டு மற்றொன்று ஆறியிருந்தால் சிறிய ரேடியேட்டர் துருவால் அடைபட்டிருக்கிறது, அல்லது வால்வு திறக்கவில்லை. இரண்டுமே ஆறியிருந்தால் நீர் குறைந்திருக்கிறது, அல்லது தெர்மோஸ்டாட் மூடாமல் நின்றுவிட்டது என்று கொள்வார்.

இவற்றுள் நீர் குறைவதுதான் மிகவும் அபாயமானது. நீர் குறைந்து குழாய்களில் காற்று புகுந்துவிட்டால் பல வண்டிகளில் அந்தச் சிறிய ரேடியேட்டர்தான் முதலில் வறளும். எஞ்சின் கொதிப்பதற்கு முன்பே ஓட்டுநரின் கால் குளிர்ந்துபோகும். கால் குளிர்ந்தவர் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார், எஞ்சின் பிழைக்கிறது. இந்த முன்னெச்சரிக்கை நமக்கு இல்லை. போதாக்குறைக்கு, இப்போது வரும் சிறிய வண்டிகள் பலவற்றில் உஷ்ணத்தைக் காட்டும் முள்ளையும் எடுத்துவிட்டு, நிலைமை முற்றிய பிறகு சிவப்பாக எரியும் ஒரு விளக்கை மட்டுமே வைத்திருக்கிறார்கள். முள் உள்ள வண்டியிலும், நீர் அறவே வற்றி, உஷ்ணத்தை அளக்கும் கருவி நீரில் நனையாமல் வெறுங்காற்றில் நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் சாதாரண நிலையைக் காட்டவும் கூடும். எனவே நம் தேசத்தில் கண்ணால் பார்ப்பதைத் தவிர நம்பகமான உபாயம் வேறில்லை.

இனி தெர்மோஸ்டாட் விஷயத்துக்கு வருகிறேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே, உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தச் சிறு உறுப்பினுள்ளே ஒருவகை மெழுகு இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது வழியை அடைத்து நீரை எஞ்சினுக்குள்ளேயே சுற்றவிடும். உஷ்ணம் ஏறி, வண்டிக்கு வண்டி வேறுபட்டாலும் பெரும்பாலும் 82 முதல் 90 பாகை செல்சியஸுக்குள், மெழுகு உருகி விரிந்து வழியைத் திறக்க, நீர் ரேடியேட்டருக்குப் பாயும். வயதான தெர்மோஸ்டாட் சில வேளை திறக்காமல் சிக்கிக்கொள்ளும். அப்போது எஞ்சின் கொதிக்கும். வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறது. புதியதை வாங்கிப் பொருத்த வேண்டிய இடத்தில், பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு, "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?" என்று சொல்லி வண்டியை அனுப்பிவைக்கும் வழக்கம் நம் நாட்டில் வெகுகாலமாக இருந்துவருகிறது. முள் இறங்கிவிடுகிறது, செலவும் குறைகிறது. வண்டிக்காரருக்கும் பரம திருப்தி.

இந்த வழக்கம் பிழையானது என்பதே என் திடமான அபிப்பிராயம். பாலோவின் நண்பகல் உஷ்ணம் 33 பாகை என்று வைத்துக்கொண்டாலும், எஞ்சின் தன் வேலையைச் செவ்வனே செய்ய விரும்பும் உஷ்ணம் ஏறக்குறைய 90 பாகை. நமக்கு வியர்த்துக் கொட்டும் இந்த ஊர், எஞ்சினைப் பொறுத்தவரை குளிர்ப்பிரதேசமே. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூடேற நெடுநேரம் பிடிக்கிறது. அதுவரையில் வண்டியின் கம்ப்யூட்டர், எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கருதி அதிகப்படியான பெட்ரோலைப் பாய்ச்சுகிறது. எரியாமல் எஞ்சும் பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது. ஆவியாகி வெளியேற வேண்டிய ஈரம் எஞ்சின் எண்ணெயில் தங்கி அதைச் சேறாக்குகிறது. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சந்தைக்குப் போய், பத்து நிமிஷத்துக்குள் வீடு திரும்பிவிடும் சிற்றூர் வண்டிக்குத்தான் இந்தக் கெடுதல் அதிகம். இன்னும் ஒன்று: சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பக்கவழி ஒன்றை அடைக்கும்படி அமைந்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் பக்கவழி திறந்தே கிடந்து, நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். கொதிப்புக்குப் பரிகாரமாகச் செய்த காரியமே, நெடுஞ்சாலையில் மேடேறும்போது கொதிப்புக்குக் காரணமாகும்.

கூலண்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றுவதும் இதே வகையைச் சேர்ந்தது. இங்கே நீர் உறைந்துவிடுமோ என்ற பயம் இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் கூலண்ட் உறைவதைத் தடுக்க மட்டும் வந்ததன்று. அது கொதிநிலையை உயர்த்துகிறது, இரும்பும் அலுமினியமும் அரிக்கப்படாமல் காக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும் செம்மண் கரைத்தாற்போல் நீர் தெரிந்தால், அந்தச் செந்நிறம் எஞ்சினிலிருந்து கரைந்து வந்த இரும்பு.

ஒருவர் தம் வண்டியின் நிலையைத் தாமே அறிந்துகொள்ளப் பெரிய வித்தை எதுவும் வேண்டியதில்லை. காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, ரேடியேட்டருக்குப் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் கூஜாவில் நீர் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே நிற்கிறதா என்று பார்க்கலாம். வாரந்தோறும் நீரூற்ற நேர்ந்தால், ஊற்றிக்கொண்டே காலந்தள்ளாமல், ஒழுகும் இடத்தைத் தேடச் சொல்ல வேண்டும். தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று அறிய, எஞ்சினை முடுக்கிவிட்டு ரேடியேட்டரின் மேல்குழாயைத் தொட்டுப் பாருங்கள். விசிறி தானாகவே சுழலத் தொடங்கும், ஆதலால் கையும் துணியும் அதனருகே போகாதிருக்கட்டும். தெர்மோஸ்டாட் உள்ள பழைய அமைப்பு வண்டிகளில் அக்குழாய் சில நிமிஷங்கள் ஆறியே இருந்து, பிறகு சட்டென்று சுடும். அது இல்லாத வண்டியில் தொடக்கத்திலிருந்தே சிறுகச் சிறுக வெதுவெதுப்பாகும். தெர்மோஸ்டாட் கீழ்க்குழாய்ப் பக்கம் அமைந்த எஞ்சின்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றை மெக்கானிக்கிடம் காட்டுவதே நல்லது. ஆனால் கொதித்து நிற்கும் வண்டியின் ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் உடனே திறக்கலாகாது. அழுத்தத்தால் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் நீர், மூடி தளர்ந்த கணமே ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் மார்பையும் வேகவைத்துவிடும்.

பழியை ஒர்க்‌ஷாப்காரர்கள் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. சம்பளம் மாதக் கடைசிவரை போதாத குடும்பத்தில் வண்டி நின்றுபோனால் மறுநாள் வேலையும் நிற்கும். அந்த நிலையில், இன்றைக்கு ஓடினால் போதும் என்று கேட்பவரும் நாமே, அவர் மனம்போலச் செய்துகொடுப்பவரும் நம்மவரே. ஆனால் தெர்மோஸ்டாட்டின் விலையையும், கொதிப்பால் வளைந்துபோன சிலிண்டர் ஹெட்டைக் கடைந்து புதிய கேஸ்கட் போடும் கூலியையும் ஒருமுறை விசாரித்து ஒப்பிட்டவர் எவரும் இதைச் சிக்கனம் என்று சொல்லமாட்டார்.

தீபாவளிக்கு யோங் பெங் வழியாக வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை ஏறிக் குடும்பத்தோடு ஊர் போகவிருப்பவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாக மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டி, "தெர்மோஸ்டாட் இருக்கிறதா?" என்று கேளுங்கள், இல்லையென்றால் புதியதைப் போடச் சொல்லுங்கள், பழைய நீரை வடித்துவிட்டுக் கூலண்ட் ஊற்றச் சொல்லுங்கள். மெக்கானிக் நண்பர்களே, ஓர் உறுப்பைக் கழற்றி எறிந்துதான் வண்டியை ஓடச் செய்ய முடியும் என்றால், எறிந்ததை வண்டிக்காரரிடம் தெரிவித்துவிட்டு எறியுங்கள்.