ஒரு தோளின் விலை

தடுப்பூசி போடுவது அவரவர் விருப்பம், பாதிப்பு வந்தால் சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம். 2022 நவம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னதன் சாரம் இதுதான். கோவிட் தடுப்பூசிக்குப் பின் இறந்துபோன இரண்டு இளம்பெண்களின் பெற்றோர் தொடுத்த வழக்கு அது.

விருப்பமா? பொது இடங்களுக்கு வரத் தடுப்பூசி கட்டாயம் என்று 2021 நவம்பரில் தமிழகப் பொது சுகாதாரத் துறை அறிவித்ததே, அதுக்குப் பேர் என்ன?

சரி, கோர்ட்டுக்கே போவோம். மரணம் வேண்டாம், சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வோம்: தோள். ஊசியை மேல்கைத் தசையில் போட வேண்டும். அதற்கும் மேலே, மூட்டை ஒட்டிக் குத்திவிட்டால் மருந்து மூட்டின் திரவப்பையில் இறங்கிவிடலாம். மாதக்கணக்கில் கையைத் தூக்க முடியாது. இது அபூர்வம்தான். குற்றம் மருந்தின்மேல் இல்லை, குத்திய இடத்தில்.

சித்தன்னவாசலில் நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அக்காவுக்கு இப்படி ஆனதென்று வையுங்கள். மண்சட்டியைத் தூக்க முடியாது. நுகர்வோர் நீதிமன்றமா? எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 1995லேயே தீர்ப்பு வந்துவிட்டது. சிவில் வழக்கா? முதலில் அரசுக்கு நோட்டீஸ், இரண்டு மாதக் காத்திருப்பு. ஐந்து லட்சம் கேட்டால் 3 சதவீதம், 15,000 ரூபாய் நீதிமன்றக் கட்டணம். வசதியில்லாதவருக்கு விலக்கு உண்டு. அதற்குத் தனி மனு. அப்புறம் நர்ஸ் இடம் தவறிக் குத்தினார் என்று நிரூபிக்கணும். எதை வைத்து? சான்றிதழில் தேதி இருக்கும், மருந்தின் பெயர் இருக்கும். குத்திய இடம் இருக்காது.

அமெரிக்காவில் 1986லேயே இதற்குத் தனிச்சட்டம் வந்தது. தடுக்கப்படும் ஒவ்வொரு நோய்க்கும் டோஸுக்கு 75 சென்ட் வரி, அதிலிருந்து ஈட்டுத்தொகை. யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 2017இல் தோள் காயத்தையும் பட்டியலில் சேர்த்தார்கள். 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கி, வேறு காரணம் இல்லையென்றால், காரணம் ஊசிதான். அவர்களும் புனிதர்கள் இல்லை. கோவிட் தடுப்பூசிக்கு மட்டும் வேறொரு கஞ்சத்தனமான திட்டத்தை வைத்தார்கள்.

இங்கேயும் மருந்துச் சோதனைக்குக் கை நீட்டியவர் பாதிக்கப்பட்டால் 2019 விதிகளின்படி ஈடு உண்டு. சோதனை முடிந்தபின், அரசு கூப்பிட்டதை நம்பி வரிசையில் நின்றவருக்கு?

இதைப் பேசினால் தடுப்பூசி எதிர்ப்பாளர்களுக்குத் தீனி போடுவதாகச் சொல்வார்கள். தலைகீழ். கைவிடப்பட்ட அந்த அக்காவைப் பார்த்து அவருடைய தெருவே அடுத்த ஊசிக்குத் தயங்கும். நம்பிக்கையை வளர்ப்பது போஸ்டர் இல்லை, பொறுப்பு. ஊரைக் காக்க நீட்டிய கை அது. முடங்கினால் அந்தச் செலவை ஊர்தான் ஏற்க வேண்டும். தவறை நிரூபிக்கச் சொல்லாத, கெடுவுக்குள் பணம் தருகிற ஒரு சட்டம் வேண்டும். இது கருணை இல்லைங்க, கடன்.