புஜ்ஜிக்கு எதுக்குங்க தூக்க மாத்திரை?

முதல்லயே சொல்லிடறேன், நான் படிக்கிறது மெக்கானிக்கல். நாய் வைத்தியத்துக்கும் எனக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. ஆனா போன மே மாசம் மாடி வீட்டுல நடந்த கூத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியல.

மாடி வீட்டு அக்காவுக்கு டெல்லிக்கு மாற்றல். ஒரு மாசம் முன்னாடியே பேக்கர்ஸ் ஆள் வந்து பார்த்தாச்சு. கிரைண்டர் எதுல போகும், மாவடு ஜாடி எப்படிப் போகும்னு அண்ணன் பக்கம் பக்கமா எழுதி வெச்சிருந்தார். அந்த நோட்டுல புஜ்ஜிக்கு (மூணு வயசு பக்) இருந்தது ஒரே வரி: கிளம்பறதுக்கு முன்னாடி அரை தூக்க மாத்திரை. டாக்டர் சொன்னாரான்னு கேட்டேன். இல்லையாம், ஆபீஸ்ல யாரோ சொன்னாங்களாம். "பாவம்டா, தூங்கிட்டா அதுக்குப் பயமே தெரியாது பாரு"ன்னாங்க அக்கா.

இந்த "பாவம்டா"வைக் கேட்டாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. மாத்திரை யாருக்கு? நாய்க்கா, இல்ல நம்ம மனசாட்சிக்கா?

சரக்கு அறையில காத்தே இருக்காதுன்னு ஒரு புரளி உண்டு. தப்பு. பயணிகள் உட்கார்ற இடத்துல இருக்கிற அதே அழுத்தம்தான் கீழேயும். அதிகபட்சம் 8000 அடி உயரத்துல இருக்கிற மாதிரி. ஊட்டியே 7350 அடி. நல்லா இருக்கிற நாய் இதைத் தாங்கும். ஆனா அந்த மாதிரி மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடம்பு தன் சூட்டைத் தானே சரி பண்ணிக்கிறதையும் கெடுக்கும். பெட்டி சாயும்போது காலை ஊனி நிக்க முடியாது. மூச்சு திணறினா அங்கே பார்க்க ஒரு ஆள் கிடையாது. நாய்களுக்குக் கொடுக்கிற சில மருந்து உடம்பைத்தான் கட்டிப் போடும், உள்ள பயம் அப்படியே இருக்கும். குரைக்கல, அதனால பயமில்லைன்னு நாம நினைச்சுக்குவோம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமே விமானப் பயணத்துக்கு இந்த மருந்தெல்லாம் பொதுவா வேண்டாம்னுதான் சொல்லுது. (டாக்டர் நாயை நேர்ல பார்த்து, எடை போட்டு எழுதிக் கொடுக்கிறது வேற கதை. ஆபீஸ் நண்பர் டாக்டர் இல்லை.)

இதுல புஜ்ஜி பக் வேற. 2003ல ஹட்ச் விளம்பரத்துல அந்தப் பையன் பின்னாடியே ஓடுச்சே, அதே ஜாதி. அந்தச் சப்பை மூஞ்சிதான் அழகுன்னு வாங்கறோம். அந்த மூஞ்சியாலதான் அதுக்கு மூச்சுப் பிரச்சினையே. நாய்க்கு நம்மள மாதிரி வேர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு இரைச்சுத்தான் சூட்டை இறக்கணும். பக்கால அதையே சரியா பண்ண முடியாது. மாத்திரை போட்டா தொண்டைத் தசையும் தளர்ந்துடும். 2005 மேல இருந்து 5 வருஷத்துல அமெரிக்க விமான நிறுவனங்கள் அரசாங்கத்துக்குக் கணக்கு கொடுத்த நாய்ச் சாவு 122. அதுல ஏறக்குறைய பாதி சப்பை மூக்கு ஜாதி. இங்கிலீஷ் புல்டாக் 25, பக் 11. இவங்க டிக்கெட் போட்டிருந்தது சென்னையில, மே மாசம், மத்தியானம் 2 மணிக்கு! விமானம் ஏர்றதுக்கு முன்னாடி தார்த் தரையில பெட்டி காயற நேரத்தை யாராவது யோசிச்சாங்களா?

பெட்டியாவது சரியா இருந்துச்சான்னா, அதுவும் இரவல். முந்தின நாள்தான் வந்துச்சு. நாய் உள்ளே நிக்கணும், திரும்பணும், படுக்கணும். மூக்குல இருந்து வால் அடி வரைக்கும் அளந்து, முழங்கை உயரத்துல பாதியைக் கூட்டினா வர்றது பெட்டியோட நீளம். சப்பை மூக்குன்னா இன்னும் 10 சதவீதம் பெருசா வேணும். நான் டேப்பை எடுத்துட்டுப் போய் அளந்தேன். நாலு விரக்கடை குறைஞ்சுது. புஜ்ஜி அந்தப் பெட்டியைப் பார்த்துட்டு சோபா அடியில போய்ப் பூந்துக்கிச்சு.

ஒரு மாசம் முன்னாடியே பெட்டி வாங்கி, கதவைத் திறந்து ஹால்ல போட்டு, சோத்தை அதுக்குள்ளேயே வெச்சிருந்தா தானா போய்ப் படுத்திருக்கும். அப்புறம் அஞ்சு நிமிஷம் கதவைச் சாத்தி, அப்புறம் அரை மணி, அப்புறம் காருல ஒரு ரவுண்டு. கூடவே துவைக்காத பழைய பெட்ஷீட் ஒண்ணு, நம்ம வாசனையோட. மாவடு ஜாடிக்கு இருந்த ஒரு மாசம் புஜ்ஜிக்கு இல்லாம போச்சா?

நியாயமா பார்த்தா பக்கை சரக்கு அறையில ஏத்தவே கூடாதுங்கறதுதான் என் கட்சி. ரயில்ல முதல் வகுப்புல ரெண்டு பெர்த் கூப்பே முழுசா கிடைச்சா நாயைக் கூடவே கூட்டிட்டுப் போலாம். கூப்பே கிடைக்குமா இல்லையான்னு சார்ட் போடற வரைக்கும் உறுதி இல்லைங்கறது தலைவலிதான். "மூணு மணி நேரத்துல போறதுக்கு ரெண்டு ராத்திரியா?"ன்னு அண்ணன் கத்தினார். நானும் திருப்பிக் கத்தினேன். எங்க அம்மா வந்து என்னைக் கீழே இழுத்துட்டுப் போனாங்க.

ரெண்டு நாள் கழிச்சு அக்கா மட்டும் வந்து, ரயில்வேயில யாருக்கு மனு எழுதணும்னு கேட்டாங்க. எழுதிக் கொடுத்தேன். கூப்பே கிடைச்சுது. நாக்பூர் தாண்டி ஒரு போட்டோ அனுப்பினாங்க. அண்ணன் மடியில தலையை வெச்சு புஜ்ஜி தூங்குது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கிட்டு ஜன்னலைப் பார்த்துட்டு இருக்கார்.