நின்றதா, நிறுத்தப்பட்டதா?

‘பிரிண்டர் நின்றுவிட்டது’ என்று சொல்கிறோம். மழை நின்றது, கடிகாரம் நின்றது என்பதைப் போலத் தன்வினையில் சொல்கிறோம். நிற்பது அந்தப் பொருளின் இயல்பு, யாரும் அதற்குப் பொறுப்பில்லை என்ற எண்ணம் அந்த வினைமுற்றிலேயே அடங்கிவிடுகிறது. அடுத்த வாக்கியம் ‘புதிது வாங்கிவிட வேண்டியதுதான்’ என்பதாகும். இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது நின்றதா, நிறுத்தப்பட்டதா?

செயப்பாட்டுவினையில் வினைமுதலைச் சொல்லாமலே விட்டுவிடலாம் என்பது மாணவர்க்கு நாம் கற்பிக்கும் பாடம். ‘ஆல்’ உருபேற்ற சொல் மறைந்தாலும் வாக்கியம் நிறைவாகவே ஒலிக்கும். அந்த மறைவில் ஒரு பெருந்தொழில் பல்லாண்டுகளாகச் சுகமாகக் குடியிருக்கிறது என்பதே என் வாதம். இலக்கியம் பேசும் இடத்தில் மைப்பெட்டிக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு இறுதியில் விடை சொல்கிறேன்.

முதலில், உண்மையாகவே நின்றுபோகும் தருணங்களைப் பிரித்துவிடுவோம். மழைக்காலத்தில் தாள் ஈரம் உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டும். தாளை உள்ளே இழுக்கும் ரப்பர் உருளையில் தாள்தூசு படிந்து வழுக்கும். உருளையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, தாள்கட்டை விசிறிப் பிரித்து வைத்தால் பெரும்பாலும் சரியாகும். சிக்கிய தாளை அது நகரும் திசையிலேயே இரு கைகளாலும் மெல்ல இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் பிடுங்கினால் கிழிசல் உள்ளே தங்கும். மை வரும் துளைகள் தலைமுடியைவிட நுண்ணியவை. வாரக்கணக்கில் அச்சிடாவிட்டால் அவற்றில் மை உறையும். சோதனைப் பக்கம் ஒன்றை அச்சிட்டு, எந்த நிறத்தின் கோடு அறுபடுகிறது என்று பார்த்து, சுத்தப்படுத்தும் கட்டளையை ஓரிரு முறை தந்து, பலனில்லையேல் ஓர் இரவு காத்திருப்பதே முறை. பத்து முறை தொடர்ந்து அழுத்துபவருக்கு மை கரைவதுதான் மிச்சம்.

அடுத்தது தொடர்பு அறுபடுதல். மின்சாரம் போய் வந்தபின் வைஃபை ரௌட்டர் அச்சுப்பொறிக்குப் புதிய முகவரி ஒன்றைத் தந்திருக்கும். கணினியோ வீடு மாறிப் போனவருக்குப் பழைய விலாசத்திலேயே கடிதம் போட்டுக்கொண்டிருக்கும். திரையில் ‘ஆஃப்லைன்’ என்று வரும். ரௌட்டரில் நிலையான முகவரியை ஒதுக்கினாலோ, யூஎஸ்பி கம்பியில் இணைத்தாலோ இது தீரும். அச்சு வரிசையில் ஒரு கோப்பு சிக்கினால் பின்வரும் அனைத்தும் நிற்கும். விண்டோஸில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்னும் சேவையை நிறுத்தி, வரிசையைக் காலி செய்து, மீண்டும் தொடங்கினால் போதும். யாப்பிலக்கணம் பயின்ற எவரும் இவற்றை அரைமணியில் கற்கலாம். ‘எனக்கு இந்த மெஷின் சமாச்சாரமெல்லாம் தெரியாது’ என்பதைப் பெருமையாகச் சொல்லும் வழக்கம் நம் இலக்கியவாதிகளிடையே இருக்கிறது. அதில் பெருமைப்பட எதுவுமில்லை.

இனி, நிறுத்தப்படுவதற்கு வருவோம். மைத்தெளிப்பு அச்சுப்பொறி தன்னைச் சுத்தம் செய்யும்போது உறிஞ்சும் மை, உள்ளே ஒரு பஞ்சுப் பட்டையில் சேர்கிறது. பல மாதிரிகளில் பட்டை நிரம்பிவிட்டதா என்று எந்த உணரியும் தொட்டுப் பார்ப்பதில்லை. ஒரு கணக்கி எண்ணுகிறது. எண்ணிக்கை எல்லையைத் தொட்டதும் இயந்திரம் நிற்கிறது. கார்ட்ரிட்ஜில் பதித்த சில்லும் அவ்வாறே. மை இருக்கிறதா என்பதோடு அந்தக் கார்ட்ரிட்ஜ் யார் விற்றது என்பதையும் அது சொல்கிறது. விடை பிடிக்காவிட்டால் அச்சு இல்லை.

என் வீட்டில் ஸ்கேனரும் சேர்ந்த ஒரு பல்பணிப் பொறி இருந்தது. பழைய சிற்றிதழ் ஒன்றின் பக்கங்களை ஆய்வு மாணவர் ஒருவருக்காக ஸ்கேன் செய்ய முயன்றபோது, சிவப்பு மை தீர்ந்துவிட்டது என்று கூறி மறுத்தது. படியெடுப்பதற்கு ஒரு துளி மையும் தேவையில்லை. கறுப்பு மையோ நிறைந்திருந்தது. சேவை மையத்தில் கேட்டபோது, கார்ட்ரிட்ஜ் வாங்குவதைவிடப் புதுப் பொறி வாங்குவதே லாபம் என்று அறிவுரை கிடைத்தது. அந்தப் பொறியில் ஒரு திருகுகூடத் தளரவில்லை. இதைப் பழுது என்று அழைப்பது மொழிக்குச் செய்யும் அநீதி. மறுப்பு என்பதே பொருத்தமான சொல்.

இது என் ஒருவனின் மனக்குறை என்று ஒதுக்கிவிட முடியாது. 2016 செப்டம்பர் 13 அன்று ஹெச்பியின் ஆபீஸ்ஜெட் வரிசைப் பொறிகள் பல, பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் ஏற்க மறுத்தன. முன்பே அனுப்பப்பட்ட மென்பொருளில் உறங்கிய ஆணை அன்று விழித்துக்கொண்டது. கண்டனம் எழுந்தபின் அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்து, விரும்புவோர்க்கு மாற்று மென்பொருள் தந்தது. இத்தகைய கட்டுப்பாடுகளை வாங்குவோரிடம் தெளிவாகச் சொல்லாததற்காக 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் அதே நிறுவனத்துக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022 தொடக்கத்தில் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது கேனான் சில்லில்லாத டோனர்களை விற்க நேர்ந்தது. அப்போது ஜெர்மன் வாடிக்கையாளர்களுக்கு, எச்சரிக்கையைப் புறக்கணித்து அச்சிடும் வழியை அந்நிறுவனமே விளக்கியது. டோனர் அளவைக் காட்டுவதில் குறை வரலாம், அச்சுத் தரம் கெடாது என்றும் சொன்னது. சில்லின்றி அச்சு நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல வாக்குமூலம் வேண்டுமா?

எதிர்வாதங்களையும் பார்ப்போம். பொறியை மலிவாகத் தந்து மையில் ஈட்டுகிறோம் என்பது முதலாவது. அது வியாபார உத்தி. அதில் நட்டம் வந்தால் தாங்க வேண்டியவர் அதை வகுத்தவர். பட்டை நிரம்பினால் மை மேசையில் வழியும் என்பது இரண்டாவது. இதில் உண்மை உண்டு. ஆனால் சில புதிய மாதிரிகளில் கழிவு மைப் பெட்டியை வாங்கியவரே கழற்றி மாற்றுகிறார். முடியும் என்று தெரிந்த ஒன்றை எல்லா மாதிரிகளிலும் ஏன் செய்யக்கூடாது? மூன்றாவது, பாதுகாப்பு. கார்ட்ரிட்ஜ் வழியாக வைரஸ் நுழையலாம் என்று 2024 ஜனவரியில் ஹெச்பியின் அப்போதைய தலைமை அதிகாரி தொலைக்காட்சிப் பேட்டியில் கூறினார். நுழைய வாசலாவது சில்லு. கார்ட்ரிட்ஜில் சில்லை வைத்தது யார்? வெறும் மைப்புட்டியில் எந்த வைரஸ் ஏறும்?

பணியாதவர்களின் வரலாறும் இதில் உண்டு. 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்துக்கு வந்த ஜெராக்ஸ் லேசர் அச்சுப்பொறியில் தாள் அடிக்கடி சிக்கியது. பழைய பொறியின் மென்பொருளைத் திருத்தி, சிக்கல் நேர்ந்தால் பயனர்களுக்குத் தெரிவிக்கும்படி செய்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதியதன் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. 1983இல் அவர் அறிவித்த க்னூ திட்டத்தின் பின்னணியில் அந்த மறுப்பும் இருந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் கதையில், சிக்கிய ஒரு தாளுக்கும் பங்குண்டு.

இந்தோனேசியாவில் மக்கள் வெளியே மைப்புட்டி வைத்துக் குழாய் இழுத்துப் பொறியை ஓட்டினர். அதைக் கண்ட எப்சன் 2010இல் அங்கேயே மைத்தொட்டி அச்சுப்பொறியை அறிமுகம் செய்தது. நம் ஊர்க் கடைத்தெருக்களில் ஊசியால் மை ஏற்றித் தரும் சிறு கடைக்காரரும் அதே மரபினர்தான். அவரை ‘டூப்ளிகேட்’ ஆள் என்று ஏளனம் செய்வதை நாம் நிறுத்த வேண்டும். விற்ற கார்ட்ரிட்ஜின் மீது காப்புரிமையை நீட்டிக்க முடியாது என்று 2017இல் லெக்ஸ்மார்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவிலும் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கெனக் குழு அமைத்து, வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகளைக் குறித்தது. அச்சுப்பொறி என்ற சொல் அந்தத் தலைப்புகளில் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லும் குரல் நம்மிடமிருந்தும் எழ வேண்டும்.

இலக்கியத்துக்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்கு இதோ விடை. தமிழ்ச் சிற்றிதழ் மரபு, கையெழுத்துப் பிரதியாகவும் சைக்ளோஸ்டைல் தாளாகவும் வாழ்ந்த ஒன்று. எந்த முதலாளியின் அனுமதியும் இன்றி நூறு படிகள் எடுக்க முடிந்ததால்தான் பெரும்பத்திரிகைகள் தொடாத எழுத்துகள் நமக்குக் கிடைத்தன. அந்த உருட்டு இயந்திரம் மை தீர்ந்தால் நின்றது. யாருடைய மை என்று கேட்டு நிற்கவில்லை. இன்று வீட்டு மேசையிலுள்ள அச்சுப்பொறி அந்த மரபின் வாரிசு. எழுதியதை அச்சிடலாமா என்று தொலைவிலுள்ள ஒரு நிறுவனம் தீர்மானிக்கும் நிலையை எழுத்தாளர்களே பொருட்படுத்தாவிட்டால் வேறு யார் பொருட்படுத்துவார்கள்?

ஆகவே, அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது விலையோடு நான்கு கேள்விகளையும் கேளுங்கள். கழிவு மைப் பட்டையை நானே மாற்றலாமா? பிற மையை ஏற்குமா? ஒரு நிறம் தீர்ந்தால் கறுப்பில் அச்சிடுமா, ஸ்கேன் செய்யுமா? இணையத் தொடர்பு இல்லாமலும் இயங்குமா? விற்பவர் விழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். வீட்டிலுள்ளது இயங்காவிட்டால், தாளையும் மையையும் தொடர்பையும் வரிசையாகச் சோதியுங்கள். மூன்றும் சரியாக இருந்தும் இயங்காவிட்டால் ‘நின்றுவிட்டது’ என்று சொல்லாதீர்கள். ‘நிறுத்திவிட்டார்கள்’ என்று சொல்லுங்கள்.